ஆம்னி பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது, மூன்று முறை ஏர் எடுத்தும் சரியாகவில்லை

பாலக்கோடு தக்காளி வண்டி · திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 2006 மாடல் ஆம்னி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பூஸ்டர் உண்டு. தோட்டத்திலிருந்து பாலக்கோடு தக்காளி மண்டிக்குத் தினமும் ஓடும். விலை நன்றாக இருக்கும் நாளில் சேலம் வரைக்கும் போவோம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் முன் பிரேக் சூடாகிப் பிடித்துக்கொண்டது. டவுனில் ஒரு பட்டறையில் விட்டோம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபர் இரண்டையும் கழற்றி ரப்பர் கிட் மாற்றி, புது பேட் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெடல் சரியில்லை. பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது, அதுவும் பஞ்சை மிதிப்பது போல. திரும்பக் கொண்டுபோனோம். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புது மாஸ்டர் போட்டார்கள். ஆயில் லைனில் மாட்டிய காற்றை வெளியேற்ற மூன்று முறை ஏர் எடுத்தாயிற்று, அரை லிட்டர் ஆயில் டப்பா இரண்டு காலி. பெடல் அப்படியேதான் இருக்கிறது. இப்போது புது மாஸ்டரே டூப்ளிகேட்டாக இருக்கும், இன்னொன்று வாங்கி வா என்கிறார்கள்.

வண்டி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் வழியில் இருக்கும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதை நம்பி இறங்க எனக்கு மனசு வரவில்லை. அப்பா "பார்த்து ஓட்டினால் போதும்" என்கிறார். எங்கே இருந்து தேட ஆரம்பிப்பது?

தொப்பூர் லோடு · திங்கள் இரவு

தம்பி, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இந்தப் பெடலோடு கணவாயில் இறங்கக் கூடாது. பாளையம் டோல்கேட் தாண்டி இறக்கம் ஆரம்பித்தால் இரட்டைப் பாலம் வரைக்கும் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. முன்னால் போகிற லாரி எப்போது பிரேக் அமுக்குவான் என்று தெரியாது. மண்டிக்கு வேறு வண்டி பிடித்து அனுப்புங்கள். நாலு நாள் வாடகை போனால் போகட்டும்.

காவேரிப்பட்டணம் பட்டறை · செவ்வாய் காலை

இன்னொரு மாஸ்டர் வாங்காதே தம்பி. கையில் இருக்கும் காசை எடுத்து வை, முதலில் கால் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

"பெடல் சாஃப்ட்" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறு இருக்கிறது. ஒன்று, பெடல் நிஜமாகவே பஞ்சு மாதிரி, மிதிக்க மிதிக்க அமுங்கும். அது லைனில் காற்று, இல்லாவிட்டால் பழைய ரப்பர் ஹோஸ் உப்புவது. இரண்டு, பெடல் கீழே வரை வரும், ஆனால் வந்து நிற்கும் இடத்தில் கெட்டியாக நிற்கும், உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே பிடிக்கும். அது பெரும்பாலும் டிரம்முக்குள் உரசி நிறுத்துகிற பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மூன்று, மிதித்துப் பிடித்தபடி இருந்தால் மெல்ல மெல்லக் கீழே போகும். அதுதான் மாஸ்டருக்குள் ஆயிலை அடைக்கிற ரப்பர் வாஷர் விட்டுவிட்டது, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் போனால் பெடல் சாஃப்ட் ஆகாது, கல் மாதிரி ஆகும். அதனால் அதை இப்போதைக்கு விடு.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்து, இன்ஜினை அணை. நாலைந்து தடவை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்கத்தை (வெற்றிடத்தை) தீர்த்துவிடு. அப்புறம் ஒரு தடவை நன்றாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடி. இறங்குகிறதா? அடுத்து, காலை எடுத்துப் பத்து விநாடி விட்டு ஒரு மிதி, உடனே இன்னொரு மிதி. இரண்டாவது மிதியில் உயருகிறதா? கடைசியாக, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு மிதித்துப் பார். மூன்றுக்கும் பதில் எழுது.

மாரண்டஅள்ளி · செவ்வாய் மதியம்

எனக்கும் இதே மாதிரிதான் இருந்தது. ஆயில் குறைந்திருந்தது. வழியில் பிரேக் ஆயில் கிடைக்கவில்லை, டிராக்டருக்கு வைத்திருந்த ஹைட்ராலிக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினேன். பெடல் ஏறிவிட்டது. பத்து நாளாக ஓடுகிறது, பிரச்சினை இல்லை.

ஓசூர் கேஜ் · செவ்வாய் மாலை

மாரண்டஅள்ளி அண்ணா, தயவுசெய்து அந்த வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். நான் ஓசூரில் பிரேக் பாகம் செய்கிற இடத்தில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன், இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டாட் 3, டாட் 4 என்று தரம் போட்ட பிரேக் ஆயில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை. பெயரில்தான் ஆயில், உண்மையில் எண்ணெய் கிடையாது. பிரேக் ரப்பர் எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி செய்தது. ஹைட்ராலிக் ஆயில், இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் எல்லாம் கனிம எண்ணெய். அது பட்டால் இந்த ரப்பர் ஊறி உப்பும். வாஷரைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி பெருத்து, நகத்தால் அமுக்கினால் பள்ளம் விழும். உப்பிய வாஷர் மாஸ்டரில் இருக்கும் சின்னத் துளையை அடைத்துக்கொள்ளும், காலை எடுத்தாலும் பிரேக் விடாது. அப்புறம் சூடேறும், கடைசியில் கிழியும். இப்போது பெடல் ஏறியிருப்பது நல்ல அறிகுறி இல்லை அண்ணா. லைன் முழுக்கக் கழுவி, மாஸ்டர், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர், காலிபர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். செலவுதான், ஆனால் வேறு வழி இல்லை.

மாரண்டஅள்ளி · செவ்வாய் இரவு

இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முன் சக்கரம் இரண்டு நாளாகக் கொஞ்சம் சூடாக இருந்தது உண்மைதான். வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டேன். நன்றி தம்பி.

பாலக்கோடு தக்காளி வண்டி · செவ்வாய் இரவு

அண்ணா, சொன்னபடி பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கும் மேல் மிதித்துப் பிடித்தேன், கீழே இறங்கவில்லை. வண்டியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் ஒரு வாரமாக அதே கோட்டில் இருக்கிறது. இரண்டாவது மிதியில் பெடல் நன்றாகவே உயர்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து மிதித்தால் முதல் மிதியிலேயே இரண்டு விரல்கட்டை கூடுதல் உயரத்தில் பிடிக்கிறது. ஆனால் அப்போதும் பஞ்சுத்தன்மை போகவில்லை. உயரம் வந்துவிட்டது, கெட்டி வரவில்லை.

காவேரிப்பட்டணம் பட்டறை · புதன் காலை

நல்ல வேலை செய்தாய். இதில் இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பட்டறையில் ஒன்றைச் சரி செய்யப் பார்த்து எதுவும் சரியாகவில்லை.

ஹேண்ட் பிரேக் இழுத்தால் ஷூ போய் டிரம்மைத் தொட்டுவிடுகிறது. அப்போது பெடல் உயர்ந்தால், பெடல் கீழே இறங்குவதில் ஒரு பங்குக்குக் காரணம் பின் ஷூ இடைவெளி. இது முதல் கோளாறு. ஷூ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டுமென்றால், பெடலின் நெம்புகோல் கணக்கில் கால் அதைப் போலப் பல மடங்கு இறங்க வேண்டும். மீதி இருக்கிற பஞ்சுத்தன்மை வேறு இடத்தில் இருந்து வருகிறது. மெல்ல இறங்கவில்லை என்பதால் மாஸ்டர் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. ஆனால் சந்தேகத்தை வைத்து எதையும் மாற்ற வேண்டாம், ஹோஸைக் கட்டிப் பார்த்துவிடலாம்.

முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் ஹோஸ், பின்னால் ஆக்சிலுக்குப் போகிற ஹோஸ். எல்லாவற்றையும் அழுத்தி அடைத்துவிட்டு பெடலை மிதி. மேலேயே கல் மாதிரி நின்றால் மாஸ்டரும் அதுவரை உள்ள பைப்பும் நல்லது, சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு ஹோஸாகத் திறந்து மிதி. எதைத் திறக்கும்போது பெடல் கெடுகிறதோ, கோளாறு அந்தச் சக்கரத்தில்.

ஓசூர் கேஜ் · புதன் காலை

அண்ணன் சொன்னது சரியான வழி. கூடவே ஒன்று: வெறும் வைஸ் கிரிப் குறட்டின் பல்லை வைத்து ஹோஸை நசுக்காதீர்கள். உள் அடுக்கு வெட்டிக்கொள்ளும், வெளியே தெரியவே தெரியாது. ஹோஸ் அடைக்கிற உருண்டை முனை கிளாம்ப் கிடைத்தால் அது, இல்லையென்றால் வழவழப்பான இரண்டு உருண்டைக் கம்பிக்கு நடுவே வைத்து, ஓட்டம் நிற்கிற அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். ஹோஸ் 2006-இல் வந்ததேதான் என்றால் சோதனை முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள். மடக்கிப் பார்த்தால் மேலே நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தொப்பூர் லோடு · புதன் காலை

வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது, அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு போடுங்கள், மறு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பென்னாகரம் டிரிப் · புதன் மதியம்

ஆயில் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். நான் ஒகேனக்கலுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் நல்ல வெயில் காலம், ஒன்பது பேர் வண்டியில். பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் பாதி தூரம் மூன்றாவது கியரிலேயே பிரேக்கை நம்பி இறங்கினேன். முதலில் கருகிய வாசனை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி. மறுபடி மறுபடி மிதித்தேன், கொஞ்சம் வந்தது, போய்விட்டது. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்து, மலை ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின்னால் ஒரு பாட்டி "என்னப்பா, டீ குடிக்கவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து பெடல் தானாகத் திரும்ப வந்துவிட்டது! அதுதான் எனக்கு அப்போது புரியாத விஷயம். பட்டறையில் சக்கரத்துப் பக்கம் ஏர் எடுக்கிற நிப்பிளைத் திறந்தபோது வந்த ஆயில் கடுங்காப்பி நிறம். நாலு வருடமாக மாற்றவே இல்லை.

ஓசூர் கேஜ் · புதன் மாலை

பென்னாகரம் அண்ணாவுக்கு நடந்தது ஆயில் கொதித்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது காலிபர் அந்தச் சூட்டை எளிதில் தொடும். ஆயில் ஆவியானால் அது காற்று மாதிரி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் திரும்ப வரும். அதனால்தான் பட்டறைக்கு வரும்போது "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள்.

பேட் சூடேறி வழுக்குவது வேறு. அங்கே பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இரண்டுக்கும் மருந்து வேறு.

டாட் 3-இல் டாட் 4 கலந்தால் கெடுதல் இல்லை. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு சேர்க்கவே கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவில் மீதி இருப்பதை ஊற்றாதீர்கள்.

பாலக்கோடு தக்காளி வண்டி · வியாழன் இரவு

ஹோஸ் சோதனை முடித்துவிட்டேன். மூன்றையும் அடைத்து மிதித்தேன்: பெடல் அப்படியே மேலே, கல்! புது மாஸ்டர் நல்லதுதான். இன்னொன்று வாங்கியிருந்தால் காசு வீணாகியிருக்கும்.

பின் ஹோஸை மட்டும் திறந்தேன், பெடல் பாதி இறங்கிக் கெட்டியாக நின்றது, இரண்டாவது மிதியில் ஏறியது. அது ஷூ இடைவெளி, நீங்கள் சொன்னதுதான். பின்னை அடைத்துவிட்டு முன் இடது ஹோஸைத் திறந்தேன், பஞ்சு. அதை அடைத்து வலது ஹோஸைத் திறந்தேன், அதே பஞ்சு. ஆக இரண்டு முன் காலிபரிலும் காற்று இருக்கிறது. ஆனால் அண்ணா, நிப்பிளில் டியூப் மாட்டி ஏர் எடுத்தால் ஒரு குமிழி கூட வரவில்லை. சுத்தமான ஆயில்தான் வருகிறது. இதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் பட்டறை · வியாழன் இரவு

காலிபரில் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உடனே சொல்.

பாலக்கோடு தக்காளி வண்டி · வியாழன் இரவு

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஹோஸ் மாட்டியிருக்கிற போல்ட் மேலே, நிப்பிள் கீழே. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

காவேரிப்பட்டணம் பட்டறை · வெள்ளி காலை

கிடைத்துவிட்டது தம்பி. கிட் மாற்றியபோது இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார்கள். பேட் உட்காரும், போல்ட் ஏறும், வண்டி நிற்கவும் செய்யும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. நானே வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு முறை செய்து, எஜமானரிடம் நன்றாக வாங்கியிருக்கிறேன்.

சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளுமே, அதே கதை. காற்று காலிபரின் மேல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிப்பிள் கீழே இருந்தால் அந்த வழியாக ஆயில் மட்டும்தான் வெளியே வரும். நீ பத்து லிட்டர் ஊற்றி எடுத்தாலும் ஒரு குமிழி வராது. குமிழி வரவில்லை என்பதால் பட்டறைக்காரரும் காற்று இல்லை என்று முடிவு கட்டி மாஸ்டருக்குப் போயிருக்கிறார். நிப்பிள் எப்போதும் காலிபரின் உச்சியில் இருக்க வேண்டும்.

இப்போது வேலை வரிசையைச் சொல்கிறேன். முதலில் பின் டிரம். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டுக் கழற்று. தேய்ந்த டிரம்மில் ஓரத்தில் ஒரு வரம்பு நிற்கும், ஷூ அதில் மாட்டும், ஷூ இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டரைப் பின்னால் விட்டால் வந்துவிடும். உள்ளே இருக்கிற தூசியை ஏர் கன்னால் ஊதாதே, வாயாலும் ஊதாதே. பழைய லைனரில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடு. வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை லேசாகத் தூக்கிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்று. டிரம்மை லேத்தில் கொடுத்து அளக்கச் சொல், அதிகபட்ச அளவு டிரம்மிலேயே அச்சாகியிருக்கும்.

அப்புறம் பிரேக் டைட் வை, அதாவது அட்ஜஸ்டரால் ஷூ இடைவெளியைக் குறை. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசுகிற அளவு, பிறகு உரசல் போகிற அளவு பின்னால் விடு. கேபிளைக் கடைசியில்தான் இழுக்க வேண்டும். ஷூ இடைவெளியை மறைக்கக் கேபிளை இழுத்து வைக்கிறவர்கள் நிறைய பேர், தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள டிரம்மில் அப்படிச் செய்தால் அட்ஜஸ்டர் வேலை செய்யாமலே போய்விடும்.

முன் காலிபரை இடம் மாற்றி மாட்டு, ஹோஸ் முறுக்காமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். ஹோஸ் போல்டுக்குப் புது செம்பு வாஷர் போடு. ஏர் எடுக்கும்போது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது, இந்த வரிசை. மாஸ்டருக்குத் தூரமானதில் ஆரம்பித்துக் கிட்டே வருவது. வேகமாக மிதிக்கச் சொல்லாதே, ஆயில் நுரைத்துவிடும். மெல்ல மிதி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம் காலை எடு. டப்பாவில் ஆயில் பாதிக்குக் கீழே போகவே விடாதே. வண்டி பெயின்ட் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

தொப்பூர் லோடு · வெள்ளி காலை

பழைய மாஸ்டர் உள்ளவர்கள் ஒன்று கவனியுங்கள். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்காமல் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வருடக்கணக்கில் வாஷர் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் இருக்கும். அங்கே போய் வந்தால் அன்றைக்கே கிழியும்.

பாலக்கோடு தக்காளி வண்டி · ஞாயிறு இரவு

முடிந்தது! நானும் மாமா பையனும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

பின் இடது வீல் சிலிண்டரில் ரப்பரைத் தூக்கியதும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. ஆயில் மட்டம் குறையாததால் ஒழுகல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு பக்கமும் புது சிலிண்டர் போட்டுவிட்டோம். டிரம்மைத் தருமபுரியில் லேத்தில் கொடுத்தேன். ஏற்கெனவே யாரோ கடைசல் பிடித்திருக்கிறார்கள், அச்சிட்ட அதிகபட்ச அளவையும் தாண்டி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது. லேத்துக்காரர் இதில் இனிமேல் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புது டிரம், புது ஷூ, மூன்று புது ஹோஸ்.

காலிபரை இடம் மாற்றி மாட்டி, முன் இடது நிப்பிளைத் திறந்தேன். மாமா பையன் பெடலில் இருந்தான். டியூபில் முதலில் கொஞ்சம் ஆயில் வந்தது, அப்புறம் புஸ்ஸென்று ஒரு சாண் நீளத்துக்கு வெறும் காற்று. அவன் மேலே இருந்து "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்துகிறான். வலது பக்கமும் அதே மாதிரி. ஒரு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது.

இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது. எங்கள் ஊர் மண் ரோட்டில் காலியாக நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தேன், ஒரு பக்கம் இழுக்கவில்லை. அப்பாவை ஓட்டச் சொன்னேன். ஒரு தடவை மிதித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய் அம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்து மறுபடி ஓட்டினார்.

காவேரிப்பட்டணம் பட்டறை · ஞாயிறு இரவு

ரொம்ப சந்தோஷம் தம்பி. புது ஷூ டிரம்மோடு ஒட்டி உட்காரக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரை முழு லோடு வேண்டாம், திடீர் பிரேக் வேண்டாம். ஒரு வாரம் கழித்து மறுபடி டைட் பார்த்துவிடு. தினமும் காலையில் நாலு சக்கரத்தின் உள் பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார். பழைய பட்டறைக்கும் போய் இதைச் சொல்லிவிடு. சண்டைக்காக இல்லை, அங்கே அடுத்த வண்டி வரும்.

மாரண்டஅள்ளி · செவ்வாய் மதியம்

என் வண்டியையும் பிரித்தாயிற்று. மாஸ்டர் வாஷர் தம்பி சொன்ன மாதிரியே கொண்டைக்கடலைதான். எல்லா ரப்பரும் மாற்றுகிறோம்.

பாலக்கோடு தக்காளி வண்டி · இரண்டு வாரம் கழித்து

பின் பிரேக் ஒரு முறை டைட் வைத்தேன், இரண்டு பல்தான் ஏறியது. நாலு சக்கரமும் உலர்ந்தே இருக்கிறது. பழைய பட்டறைக்கும் போய்ச் சொன்னேன். அங்கே இருந்த பையன் அடுத்த வண்டியின் காலிபரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நேற்று விடியற்காலை தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போய் வந்தேன். பாளையம் டோல்கேட் தாண்டியதும் இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டேன், பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி திடீரென்று அமுக்கினான். நானும் மிதித்தேன். பெடல் வீட்டு வாசலில் எந்த உயரத்தில் பிடித்ததோ அதே உயரத்தில் பிடித்தது. பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. மண்டியில் இறக்கும்போது எண்ணினேன், நசுங்கியது மேல் பெட்டியில் ஏழு தக்காளி.